முன்கோபம் என்று எழுதுவதற்கு முன்

எங்கள் கம்பெனியில் ஆட்களுக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், சேர்ந்த தேதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தில் 'முன்கோபம்', 'மந்தம்', 'வாய் அதிகம்', 'நல்ல பிள்ளை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாருக்குக் கூலியைக் கூட்டுவது, சரக்கு குறைந்தால் யாரை நிறுத்துவது என்பதெல்லாம் பல சமயம் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவாகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபம் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் கூடம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் பாம்பன். அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். அதில் மனிதர்களின் குணமும் உணர்ச்சியும் வேலையை எப்படி மாற்றுகின்றன என்று ஒரு பாடம் வருகிறது. படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் எங்கள் மேசைகள்தான் கண்ணில் தெரிந்தன.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாக் நீரிணையில் நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலையில் பிடிக்கும் நீல நண்டு, அவித்து ஆறவைத்து ஐஸ் போட்டு எங்களிடம் வரும். பெண்கள் மேசை மேசையாக உட்கார்ந்து சின்னக் கத்தியால் சதையை எடுப்பார்கள். நீந்துகிற கடைசிக் காலோடு ஒட்டியிருக்கும் இரண்டு பெரிய சதைக்குப் பெயர் ஜம்போ. உடையாமல் வந்தால்தான் அதற்கு முழு விலை. கொடுக்குச் சதை தனி. எல்லாம் டின்னில் அடைபட்டு, சூடு காட்டி, குளிரில் வைத்துப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. ஒரு துண்டு ஓடு கூட உள்ளே போய்விடக் கூடாது. எடைக்குக் கூலி என்பதால் வேகமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். மனசு சரியில்லாத நாளில் கை இறுகிவிடும், ஜம்போ உடையும். அன்றைக்கு அந்த அக்கா வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் தராசு சொல்லிவிடும்.

குணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாரிக், மவுண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991இல் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். போலீஸ், மேலாளர், விற்பனை, கைத்தொழில் என எந்த வேலையை எடுத்தாலும், பொறுப்பாகவும் ஒழுங்காகவும் செய்கிற குணம் வேலைத் திறனோடு சேர்ந்தே வந்தது. கலகலப்பான குணம் விற்பனை, மேலாண்மை போன்ற வேலைகளில்தான் கைகொடுத்தது. எங்கள் கூடத்திலும் அப்படித்தான். யாரும் பார்க்காதபோதும் ஓட்டுத் துண்டைத் தடவித் தேடுகிற விரல் சிலருக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்து வரவைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரே குணம் ஓர் இடத்தில் தொல்லையாகவும் இன்னோர் இடத்தில் பலமாகவும் இருக்கும். 'வாய் அதிகம்' என்று நோட்டில் இருந்த தங்கச்சிமடத்து அக்காவை எடை போடும் இடத்துக்கு மாற்றினோம். தட்டில் தண்ணீர் வடியாமல் வந்தால் விடமாட்டார். எடையைக் குறைத்துப் படித்தால் எழுதுகிறவரையும் விடமாட்டார். மேசையில் தினமும் சண்டையாகத் தெரிந்த அதே குரலால் எடையில் தகராறு குறைந்தது. 'நல்ல பிள்ளை' என்று பெயர் வாங்கிய ஒரு தங்கச்சியைச் சதை சரிபார்க்கும் மேசையில் போட்டார்கள். அவளுக்கு அது நரகமாகிவிட்டது. சொந்த மைனி எடுத்த தட்டில் ஓடு இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? பேசாமல் தானே உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள், வேலை தேங்கியது. தட்டில் பெயருக்குப் பதிலாக டோக்கன் நம்பர் வைத்த பிறகுதான் அவளால் மூச்சு விட முடிந்தது. அவள் குணத்தை யாரும் மாற்றவில்லை, தட்டில் இருந்த பெயரைத்தான் எடுத்தோம்.

இனி மனநிலைக்கு வருகிறேன். நோட்டு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

எங்கள் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் கடலுக்குப் போகிற ஆள் உண்டு. இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகும். அந்த நாட்களின் மறுநாள் காலையில் கூடத்தைப் பார்க்க வேண்டும். செல்போன் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது சுத்தத்துக்கான விதி. அதனால் சேதி கேட் வழியாகத்தான் வரும். படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று வாட்ச்மேன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தால் போதும், யார் படகு என்று தெரியும்வரை எல்லாக் கைகளும் தடுமாறும். அப்படி ஒரு காலையில் பக்கத்து இருக்கைக்காரியிடம் எரிந்து விழுந்தவருக்குத்தான் 'முன்கோபம்' என்ற குறிப்பு. எழுதியவர் அன்றைய தேதியைப் பக்கத்தில் எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். அந்த இரண்டு மாதம் பல வீடுகளில் நண்டு உடைக்கிற கூலிதான் அடுப்பெரிய வைக்கிறது. கணவர் வீட்டில் சும்மா இருக்கிறார், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். மே மாதக் கடைசியில் கூடத்தில் சண்டை கூடுவதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம்.

1996இல் வைஸ், குரோபன்ஸானோ என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவர் எழுதியதில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. வேலையிடத்தில் நடக்கிற சின்னச் சம்பவங்கள் உணர்ச்சியைக் கிளப்புகின்றன, அந்த உணர்ச்சியில் உடனே செய்கிற காரியங்கள் ஒரு வகை. நாள்கணக்கில் யோசித்து, இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று நிற்பது வேறு வகை. கத்தியை டொக்கென்று வைத்துவிட்டு வெளியே போகிறவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். பிரச்சினையே இல்லாமல் அமைதியாக வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் தொண்டிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறவரைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம்.

அப்புறம், மேலே இருக்கிறவர் மனநிலை. இதைப் பற்றி யாரும் நோட்டில் எழுதுவதில்லை. சீகல் பார்சேட் என்ற பேராசிரியை 2002இல் வெளியிட்ட ஆய்வில், நடிக்கத் தெரிந்த ஒருவரைச் சின்னச் சின்னக் குழுக்களுக்குள் உட்கார வைத்தார். அவர் காட்டிய மனநிலை மற்றவர்களுக்கும் தொற்றியது. நல்ல மனநிலை பரவிய குழுவில் ஒத்துழைப்பு கூடியது, மோதல் குறைந்தது. சாதாரணமாக ஒருவர் வந்து உட்கார்ந்ததற்கே இப்படி என்றால், கூலியைக் கையில் வைத்திருக்கிற ஆள் கடுகடுவென்று உள்ளே வந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கத்துகிற ஆள் நிற்கிற வேளையில் யாருக்கும் விரலில் வெட்டு விழுவதே இல்லை. அதாவது, விழுந்தால் சொல்வதில்லை. உணவுக் கூடங்களில் காயத்துக்கு நீலப் பிளாஸ்திரி போடுவது, கழன்று விழுந்தால் வெள்ளைச் சதைக்குள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக. திட்டுக்குப் பயந்து கிளவுஸுக்குள் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டால் அந்த ஏற்பாடு முழுக்க வீண். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அதற்கு அவர் கண்ட விளக்கம். பிளாஸ்திரிப் பதிவேட்டில் ஒரு மாதம் முழுக்க ஒன்றுமே இல்லை என்றால் மேனேஜர் சந்தோஷப்படுவார். எனக்குப் பயமாக இருக்கும்.

வேலைக்கு வந்த இடத்தில் வீட்டுக் கவலை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அது செருப்பா? நான் செய்வது ரொம்பச் சின்ன விஷயங்கள்தான். ஆபீஸ் அறையில் ஒரு போன், அந்த நம்பர் எல்லார் வீட்டிலும் உண்டு. சேதி வந்தால் அந்த ஆளை மட்டும் வெளியே கூப்பிட்டு, உட்கார வைத்துச் சொல்வோம். கவலையோடு வருகிறவரை அன்றைக்கு ஜம்போவில் போடாமல் கொடுக்குச் சதைக்கு மாற்றுவேன். அதற்கான கூலிக் குறைவை எப்படி ஈடுகட்டுவது என்பது இன்னும் தீராத வழக்கு. ஒரு நாள் கூலியைச் சராசரிக் கணக்கில் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தடைக்காலம் முடிந்ததும் புது ஆட்கள் சேருவார்கள். புது நோட்டில் குறிப்புக் கட்டம் வேண்டாம் என்று சொன்னேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. சரி, எழுதுவதானால் தேதியையும், அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அதை அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன். அதற்குச் சம்மதித்திருக்கிறார். பழைய நோட்டில் உள்ளவற்றைப் புதியதில் ஏற்றக் கூடாது என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்கப் போகிறேன்.