புடவை சொன்ன நான்கு சென்டிமீட்டர்

"இப்பல்லாம் புடவை தரையில இழுபடுது டாக்டர். ரெண்டு விரல் கூடச் செருகிக் கட்டுறேன்."

"எலும்பு ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்கம்மா" என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 1.4, முதுகெலும்பு மைனஸ் 0.6. மைனஸ் 2.5 வந்தால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற எலும்பு மெலிவு நோய். மருந்து எழுத எண்களில் காரணம் இல்லை. ஆனால் அவருக்கு வயது 62, மாதவிடாய் நின்று 14 ஆண்டு, சர்க்கரை 12 ஆண்டு.

டைப் 2 சர்க்கரையில் எலும்பின் அடர்த்தி பெரும்பாலும் குறையாது. உடம்பு பருமன் என்றால் அதிகமாகவே இருக்கும். கெட்டுப்போவது தரம். மிகுந்த சர்க்கரை எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. ஸ்கேன் அளப்பது சுண்ணாம்புச் சத்தை மட்டும். கேள்விகளை வைத்து எலும்பு முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கும் இவர்களுக்கு அதைக் குறைத்தே காட்டும். முடக்குவாதம் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்விக்கு 'ஆம்' போட்டு அதை ஈடுகட்டுவதுண்டு. நான் போடவில்லை. சர்க்கரைக்கு அவர் சாப்பிட்ட பயோகிளிட்டசோன் மாத்திரை பெண்களுக்கு முறிவைக் கூட்டும் என்பதும் தெரியும். சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ.யில் எல்1, அதாவது கீழ் முதுகின் முதல் எலும்பு, புதிதாக நசுங்கியிருந்தது. அதற்கு நேர் மேலே உள்ள டி12 எலும்பு ஆப்பு மாதிரி சரிந்திருந்தது; அது பழைய முறிவு. டெக்ஸா முதுகில் கணக்கெடுப்பது எல்1 முதல் எல்4 வரைதான், டி12 அதில் வராது. மூட்டோரத்து எலும்பு முளைகள் வேறு முதுகின் எண்ணை உயர்த்திக் காட்டியிருந்தன.

ஃபைலில் முதல் நாள் உயரம் 154 செ.மீ. எடையை வரும்போதெல்லாம் பார்க்கிறோம், உயரம் முதல் நாளோடு சரி. இப்போது அளந்தால் 149. நான்கு செ.மீ. குறைந்தாலே பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

அன்றே அலெண்ட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரையைத் தொடங்கியிருந்தால்? முதுகெலும்பு முறிவைப் பாதியளவு குறைக்கும் மருந்துதான், ஆனால் அது சில ஆண்டுக் கணக்கு. ஆறே மாதத்தில் எல்1-ஐத் தாங்கியிருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. இப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் புடவை இழுபட்டபோதே டி12 முறிந்திருக்க வேண்டும். அது ஒன்றே மருந்து தொடங்கப் போதும்.

இப்போது வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு. முதுகை வளைத்துக் குனியக் கூடாது என்றதும், "கோலம்?" என்று கேட்டார். மணைபோட்டு உட்கார்ந்து போடுகிறேன் என்று அவரே ஒரு வழியும் சொன்னார்.

உட்கார்ந்தாலும் முதுகு வளையத்தான் செய்யும். சின்னக் கோலமாகப் போடுங்கம்மா என்றேன்.