இட், தெம், ஃபார் எ பிட்

கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய செட்டியார் வீட்டில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆங்கிலம் பழக்குவதும் என் பொறுப்பு. பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ப்ளஸ் டூ வரை ஆங்கிலம் படித்தவர்கள்தான். ஆனால் விருந்தினர் வாயிலிருந்து வருவது டர்ன், டேக், புட் என்று சின்னச் சின்னச் சொற்கள், கூடவே ஓர் ஆஃப், அப், டவுன். அங்கேதான் திணறுகிறார்கள்.

ஒரு சாயங்காலம் வீட்டு நடுமுற்றமான வளவை ஒட்டிய அறையில் தங்கியிருந்த ஆங்கிலேய அம்மாள் மேலே சுற்றும் ஃபேனைக் காட்டி, "குட் யூ டர்ன் இட் டவுன் ஃபார் எ பிட்?" என்றார். புதிதாக வந்த பெண் நேரே கட்டிலுக்குப் போய்ப் போர்வையை மடித்துவிட ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ராத்திரிக்குப் படுக்கையைத் தயார் செய்வதற்கு ஹோட்டல் தொழிலில் பேரே டர்ன் டவுன்தான். அம்மாள் கேட்டதோ ஃபேனைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைத்து வைக்கச் சொல்லி.

இந்தச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. பொருளைத் தொட்டுக்கொண்டு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் போர்டு முன்னால் நிறுத்துவேன். ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன், ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப், இரண்டும் சரி. ஃபேன் போய் இட் வந்துவிட்டால் அதன் இடம் நடுவில் மட்டும்தான்: ஸ்விட்ச் இட் ஆஃப். ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் விழும். இட், தெம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சுட்டுபவை, அழுத்தம் தாங்காது. இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதும் அப்படியே: ப்ளீஸ் டேக் தெம் ஆஃப்.

லுக் ஆஃப்டர், அதாவது பார்த்துக்கொள் என்பது மாதிரி, நடுவில் இட், தெம் போட்டுப் பிரிக்க முடியாதவையும் உண்டு. அதற்குக் குறுக்கு வழி கிடையாது, பழகத்தான் வேண்டும். பெட்டிகளை எங்களிடம் விட்டுவிட்டு ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்வதைப் பார்க்கப் போகிறவர்கள், "குட் யூ லுக் ஆஃப்டர் தெம் ஃபார் எ கப்பிள் ஆஃப் அவர்ஸ்?" என்பார்கள். இரண்டு மணி நேரம்போல என்று அர்த்தம். கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். நேரம் பெரும்பாலும் கடைசியில் வருவதைக் கவனிக்கச் சொல்வேன்.

நேரத்தில் நம் தமிழே கைகொடுக்கிறது. பத்து நிமிஷத்துக்கு அணைத்து வை என்றால் ஃபார். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால் இன்.

"ஐ வில் பிக் யூ அப் இன் டென் மினிட்ஸ்" என்பதைச் சொல்லிக் கொடுத்தபோது டிரைவர் தம்பி கேட்டான்: "ஃபார் போட்டா என்னண்ணே?"

"நீ எப்ப வருவேன்னு அவுங்களுக்குத் தெரியாமப் போயிரும்ப்பா."

மதுரை விமான நிலையம் இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். விமானத்தைப் பிடிக்கப் போகிறவரிடம் அந்த ஒரு சொல் சரியாகப் போய்ச் சேர வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் மட்டும் வேறு மாதிரி பேசச் சொல்கிறேன். அவர்களுக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழிதான். டர்ன் டவுனைவிட ரெட்யூஸ் அவர்கள் மொழிச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.