ஸ்டேடியத்தில் அத்தானின் பெயர்

அக்கா மகள் ஹைஸ்கூல் முடித்துவிட்டாள். "பிளஸ் டூதானே, அதுக்கு எதுக்குடா அங்கியும் தொப்பியும்?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டார். எதற்காகவோ இருக்கட்டும், தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா?

டல்லாஸ் பக்கம், ஃபுட்பால் ஸ்டேடியத்தில் விழா. மே மாதக் கடைசி, சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் இறங்கவில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பை மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். அக்காவின் கைப்பை காருக்குத் திரும்பியது. போன், கண்ணாடி, எங்கே போனாலும் அவளோடு வரும் திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் ஒரு ஜிப்லாக் கவருக்குள் அடைக்கலம்.

ஜூனியர் பசங்களின் பேண்ட் வாசிக்க, பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பிரிட்டிஷ்காரர் எட்வர்ட் எல்கர் 1901இல் எழுதிய அணிவகுப்பு இசை அது. 1905இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது அங்கே வாசித்தார்கள். அப்புறம் அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. அழகான மெட்டுதான். ஆனால் கடைசிப் பிள்ளை உட்காரும் வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தால் எந்த மெட்டும் தாங்காது.

முதலில் வந்தவர்கள் டாப் டென் பர்சென்ட். டெக்சாஸில் 1997இல் வந்த சட்டப்படி, வகுப்பில் அந்த இடத்துக்குள் வந்தால் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடியாக இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் இன்னும் கறார். அதனால் தமிழ் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ரேங்க் பேச்சுதான். எங்கள் பெண் அதில் இல்லை. அக்காவுக்கு அந்த வருத்தம் இருந்தது.

பேச்சுகளை விடுங்கள், எதுவும் நினைவில்லை. விழா என்பதே பெயர் வாசிப்பதுதான். முதல் ரேங்க்கும் கடைசி ரேங்க்கும் ஒரே மேடை ஏறி, அதே பிரின்சிபாலிடம் கை குலுக்குகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். எல்லாரும் முடிந்த பிறகு மொத்தமாகக் கைதட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். யார் கேட்டார்கள்? ஒரு குடும்பம் மாட்டு மணியே கொண்டுவந்திருந்தது.

இங்கே அப்பா பெயர்தானே பிள்ளைக்குக் குடும்பப் பெயர்? அவள் பெயரோடு அத்தான் பெயரும் சேர்ந்து ஸ்பீக்கரில் அதிர்ந்தது. உச்சரிப்பும் பரவாயில்லை, எப்படிச் சொல்ல வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாளாம். அத்தான் அரசுப் பள்ளியில் படித்தவர். கிளார்க் ஜன்னல் வழியாக நீட்டிய டி.சி.யை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதாகச் சொல்வார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். போனில் பதிவானது முன் வரிசைக்காரரின் முதுகு மட்டும்தான். நல்லவேளை, நான் எடுத்திருந்தேன்.

கடைசியில் தொப்பியின் குஞ்சத்தை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் தள்ளினார்கள். தொப்பியைத் தூக்கிப் போடக் கூடாது என்று அறிவிப்பு, அறிவித்த கையோடு அத்தனை தொப்பியும் ஆகாயத்தில். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் 1912இல் ஆரம்பித்த பழக்கம் என்கிறார்கள். அதிகாரிகளுக்குப் புதுத் தொப்பி வந்துவிட்டது, பழையதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வெளியே வந்ததும் அக்கா ஆசையாக அந்தச் சான்றிதழ் அட்டையைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. "சர்டிஃபிகேட் எங்கேடி?"

"ஜிம்ல குடுக்கிறாங்கம்மா. அங்க ஒரு லைன் இருக்கு."

அதற்கும் போய் நின்றோம்.