உங்க குதிரை எங்கே, தாத்தா?

செஸ் ஆட்டத்தில் மந்திரியைத் தூக்கி எச்7 கட்டத்தில் நின்ற சிப்பாயை வெட்டினாள் மகள். செக்!

“ஏம்மா, சும்மாவா குடுக்கிறே?” பெரியப்பா சிரித்துக்கொண்டே ராஜாவால் மந்திரியை எடுத்தார்.

யாங்கூனில் இன்று விடாத மழை. டீக்கடை மேசையில் பலகை.

குதிரை ஜி5-க்குப் பாய்ந்தது. மறுபடி செக். ராஜா ஜி8-க்குப் பதுங்க, ராணி எச்5-க்கு வந்தாள். அடுத்து எச்7-ல் மேட். பெரியப்பாவின் கை டீ கப் மேல் அப்படியே நின்றுவிட்டது.

“உங்க குதிரை எங்கே, தாத்தா?”

அது எஃப்6-ல் இருந்திருந்தால் எச்7-ஐக் காத்திருக்கும். ராணியும் எச்5-க்கு வந்திருக்க முடியாது. அவரோ எப்போதோ அதை டி7-க்கு நகர்த்திவிட்டார்.

1620-களில் இத்தாலிய செஸ் ஆட்டக்காரர் கிரேக்கோ எழுதிவைத்த வித்தை இது. 1889-ல் ஆம்ஸ்டர்டாமில், பின்னாளில் உலக சாம்பியனான லாஸ்கர் இரண்டு மந்திரிகளையுமே கொடுத்து பாவரை வென்றார்.

பெரியப்பா பழகியது பர்மிய சதுரங்கமான சிட்டுயின். அதில் கோட்டை கட்டுவதே, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவதே, கிடையாது. மகளுக்குக் கோட்டை கட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ராஜா அங்கே பத்திரம் என்றேன். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லித்தரவில்லை. அதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

பெரியப்பா காய்களை மறுபடி அடுக்கினார். முதலில் வைத்தது குதிரையை.