போண்டாவின் வகை என்ன?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியை வடிவமைத்த குழுவில் இருந்த பிலிப் வாட்லர், அங்கு நடந்த விவாதங்களைப் பார்த்து வேடிக்கையாக ஒரு விதியை வகுத்தார். மொழியின் ஒரு கூறைப் பற்றிய விவாதம் பொருளில் தொடங்கி இலக்கணம், எழுத்தமைப்பு என்று கீழே இறங்க இறங்க, அதன் சூடு ஏறிக்கொண்டே போகும். நிரலுக்குள் குறிப்புரைகளை எப்படி எழுதுவது என்ற கடைசிப் படியில் அது உச்சத்தைத் தொடும். சென்னையில், நிரலைக் கணிதச் சார்புகளாகக் கோக்கும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் ஆர்வமுள்ள நாங்கள் சிலர் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியபோது, அந்த விதி மொழி வடிவமைப்போடு நிற்பதில்லை என்பதைக் கண்ணாரக் கண்டேன்.

யார் எதைப் பற்றிப் பேசுவது என்பது காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. வந்த முன்மொழிவுகளில் பெரும்பாலானவை, கணிப்புகளை ஒன்றோடொன்று கோத்து இணைக்கும் உத்தியான மோனாட் என்றால் என்ன என்பதை இந்த முறையாவது எல்லோருக்கும் புரியும்படி விளக்குவதாக உறுதியளித்தன. யூஜெனியோ மோஜி 1980களின் இறுதியில் நிரல்மொழிகளின் பொருளை ஆராயக் கையாண்ட அந்தக் கருத்தை வாட்லர் நிரலாக்கத்துக்குள் கொண்டுவந்தார். 1996இல் வந்த ஹாஸ்கெல் 1.3 உள்ளீடு, வெளியீடு முழுவதையும் அதனிடம் ஒப்படைத்தது. அதைப் புரிந்துகொண்டவர்கள் எல்லோரும், அடுத்தவருக்கு விளக்குவதாக நேர்ந்துகொண்டவர்களைப் போலவே நடந்துகொள்கிறார்கள். மோனாடுக்கு ஓர் உரை, எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட எர்லாங் மொழிக்கு ஓர் உரை, ஒருமுறை உருவான தரவை மாற்றாமல் புதிது எடுக்கும் கிளோஜர் மொழிக்கு ஓர் உரை என்று பிரித்துக்கொண்டோம். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை.

தேதியில் முதல் முணுமுணுப்பு எழுந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, ஜனவரியில் பொங்கல், அதற்குப் பிறகு அலுவலகங்களில் நிதியாண்டு முடிவு. அவசரப்பட வேண்டாம் என்றார் எங்கள் ஹாஸ்கெல் நண்பர். 1987இல் போர்ட்லாந்து மாநாட்டில் குழு அமைப்பதென்று முடிவெடுத்தார்கள், முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது என்று முன்னுதாரணமும் காட்டினார். "அண்ணா, அவங்க மொழி செஞ்சாங்க. நாம ஹால் புக் பண்றோம்" என்றான் எர்லாங்கின் வழிவந்த எலிக்சர் மொழியில் நிரல் எழுதும் தம்பி.

ஹால் பெருங்குடியில் ஒரு நிறுவனத்தின் கூட்ட அறையாக, வாடகையில்லாமல் அமைந்தது. வருபவர்களின் பெயரையும் மடிக்கணினியின் வரிசை எண்ணையும் முன்கூட்டியே வாயிற்காவலரிடம் தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தருவதுதான் தூய சார்பு என்று மேடையில் சொல்லவிருந்த எங்களுக்கு, ஒரே பட்டியலுக்குக் காலையில் 'சரி' என்றும் மாலையில் 'மேலிடத்துக் கடிதம் வேண்டும்' என்றும் விடை கிடைத்தது. நிரல் விழுந்தால் விழட்டும், திரும்பத் தொடங்கிக்கொள்ளலாம் என்ற எர்லாங் மரபில் வந்த தம்பி, காவலர் மாறும்வரை காத்திருந்து அதே பட்டியலை மறுபடியும் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டான்.

அடுத்தது சிற்றுண்டி. பதிவுப் படிவத்தில் வருவேன், வரமாட்டேன் என்பவற்றோடு வரக்கூடும் என்ற விடையையும் ஹாஸ்கெல் நண்பர் சேர்த்திருந்தார். மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதைத் தரவின் வகையிலேயே சொல்லிவிடும் ஹாஸ்கெலின் 'மேபி' அவருக்கு உயிர். இலவசக் கூட்டம் என்பதால் எல்லோரும் பெருந்தன்மையோடு அந்த மூன்றாவது விடையையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேட்டரிங்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், வரலாம்னு சொன்னவங்களுக்குப் பாதிப் போண்டா போட முடியாது. ஆள் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். இவ்வளவு தெளிவான பிழைச்செய்தியை எந்தக் கம்பைலரிடமும் நான் பெற்றதில்லை.

எண்ணிக்கையைப் பொது விரிதாளில் எழுதி வைத்தோம். மாறும் நிலையைப் பலர் பகிர்ந்துகொள்வதால் வரும் கேடுகளைப் பற்றி உரையாற்றவிருந்தவர்களே, ஒரே கட்டத்தில் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எண்ணை எழுதி மற்றவருடையதை அழித்தார்கள். கிளோஜர் அக்கா மட்டும் எதையும் அழிக்க மறுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய நகல் எடுத்துவைத்தார். நகல்கள் அனைத்தும் மாறாமல் அப்படியே இருந்தன. எது கடைசி நகல் என்பதுதான் தெரியவில்லை.

பிறகு போண்டாவா சமோசாவா என்ற கேள்வி வந்தபோது, மோனாடுக்கு வாய் திறக்காதவர்கள் எல்லாம் மேசையைத் தட்டினார்கள். போண்டா வென்றதும், கேட்பவருக்குக் கேட்கும்போது மட்டும் பொரித்துத் தரலாம், வீணாகாது என்று சோம்பல் மதிப்பீட்டு முறையை ஹாஸ்கெல் நண்பர் முன்வைத்தார். கட்டடத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்று தெரியவந்ததால், போண்டா முழுவதும் முன்கூட்டியே மதிப்பிடப்பட்டு, மாலை நான்கு மணிக்கு ஆறிப்போய் வந்து சேர்ந்தது.

ஆனாலும் வாட்லர் விதியின் கடைசிப் படி பேனர்தான். ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் வேரான லாம்டா நுண்கணிதத்தில் கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் 1930களில் கையாண்ட லாம்டா என்ற கிரேக்க எழுத்து பேனரின் நடுவில் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. அதன் கால் நேராக இருக்க வேண்டுமா, சற்று வளைய வேண்டுமா, நிறம் ஊதாவா கருநீலமா என்பதில் நட்பே முறியும் நிலை உண்டானது. இறுதியில் வளைந்த காலும் ஊதா நிறமும் வென்று, கோப்பு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனது. அச்சிட்டு முடித்த பிறகு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, "சார், அந்தத் தலைகீழ் ஒய் எங்க சிஸ்டத்துல வரல, கட்டமாத்தான் வந்திருக்கு. பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்.

ஊதா நிறத்தில் ஒரு வெற்றுச் சதுரம் தொங்கிக்கொண்டிருக்கக் கூட்டம் நடந்தது. வந்திருந்த ஒரு கணிதப் பேராசிரியர் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தருக்கவியலில் 'கட்டாயமாக' என்பதற்குச் சதுரம் இடுவதுண்டே, அந்தப் பொருளில்தான் வைத்தீர்களா என்று மதிப்போடு விசாரித்தார். ஹாஸ்கெல் நண்பர் மறுக்கவில்லை; தேநீர் இடைவேளை முழுவதும் அவருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார்.