அது வெடிப்பு இல்லை

குப்பென்று புழுதி கிளம்பியதும் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, வெடிச்சிருச்சாப்பா?"

இன்று நாங்கள் பார்த்தது, விண்வெளி வீரர்களோடு திரும்பும் ரஷ்யாவின் சோயுஸ் கலம் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கும் காணொளி.

வெடிக்கவில்லை. தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில், கலத்தின் அடியிலுள்ள சிறு ராக்கெட்டுகள் ஒரு கணம் எரிந்து வேகத்தைக் குறைக்கின்றன. அந்த உயரத்தை அளந்து சொல்வது காமா கதிர். அப்படியும் தரையில் மோதும் அதிர்ச்சி பலமாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு வீரரின் உடலையும் அச்செடுத்து, அவருக்கென்றே இருக்கையின் உள்பகுதியை வார்க்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

சீனாவின் ஷென்சோவும் இதேபோல ராக்கெட் எரித்துத் தரையில்தான் இறங்குகிறது. அமெரிக்காவின் டிராகன் நான்கு பாராசூட்டுகளோடு கடலில் விழுகிறது. இந்தியாவின் ககன்யானுக்கும் கடல்தான்.

பரந்த புல்வெளி இருந்த நாடு தரையை நம்பியது. இருபுறமும் பெருங்கடலும் பெரிய கடற்படையும் இருந்த நாடு தண்ணீரை நம்பியது. புவியியல் பொறியியலாகிவிட்டது!

ஆனால் சில வடிவங்களை வரைந்தது துயரம். 1971இல் சோயுஸ் 11 திரும்பும்போது ஒரு வால்வு திறந்து, காற்று வெளியேறி மூவரும் இறந்தார்கள். காற்று போனாலும் உயிர்காக்கும் அழுத்த உடையோடு மூவர் உட்கார உள்ளே இடம் இல்லாததால் யாரும் அதை அணிந்திருக்கவில்லை. பிறகு 1980 வரை சோயுஸில் இருவர் மட்டுமே பறந்தார்கள், உடையோடு.

மகள் காணொளியை மறுபடி ஓட்டினாள். இந்த முறை புழுதிக்குப் பயப்படவில்லை. கதவு திறக்கும்வரை காத்திருந்து, வெளியே தூக்கி வந்தவர்களை விரல்விட்டு எண்ணினாள்.

"மூணு பேரும் வந்துட்டாங்கப்பா."