மாட்டின் அடிவயிற்றில் இரண்டு எழுத்து

படுத்திருக்கும் மாட்டுச் சிலை, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஜப்பான் போய்வந்த நண்பர் கொடுத்தது. தந்தம் அல்ல, பிசின் வார்ப்பு. அசல் தந்தம் வாங்க எனக்கு வசதியும் இல்லை, பல நாடுகளில் சட்டமும் விடாது. செதுக்கியவரின் கையொப்பத்தைப் படித்துப் பழக இந்தப் போலியே போதும் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு நெட்சுகே என்று பெயர். புகையிலைப் பையையோ மருந்துப் பெட்டியையோ கயிற்றில் கட்டிக் கிமோனோவின் இடுப்புக் கச்சையில் தொங்கவிடுவார்கள். அது நழுவாதபடி கயிற்றின் மேல்முனையில் மாட்டும் குமிழ்தான் நெட்சுகே. செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும்.

முதல் நாள், எழுத்தின் தலை எது கால் எது என்றே தெரியவில்லை. சப்பாத்தி மாவில் அழுத்தி அச்சு எடுத்தேன். அழகாக விழுந்தது. ஒரு மாலை முழுக்க ஜப்பானிய எழுத்து அகராதியைப் புரட்டியும் அப்படி ஓர் எழுத்து கிடைக்கவில்லை. படுக்கப் போகும்போதுதான் உறைத்தது: அச்சில் இடம் வலமாக மாறியிருக்கிறது! மறுநாள் மெல்லிய தாளை வைத்து, சிறுவயதில் காசுக்குச் செய்ததுபோல் பென்சிலால் தேய்த்தேன். (அசல் தந்தத்தில் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்.)

பெயரை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். 'சாகு' (செய்தது) அல்லது 'டோ' (கத்தி) என்ற எழுத்து இருந்தால் அதுதான் கடைசி, அது பெயரில் சேராது. என் மாட்டில் அந்த உதவியும் இல்லை. ஜப்பானிய எழுத்தை அதன் கீற்றுகளை எண்ணி அகராதியில் தேடலாம். கீழெழுத்தில் ஒரு பெட்டி, அதைப் பிளக்கும் குத்துக்கோடு, அடியில் இதயத்தைக் குறிக்கும் நான்கு கீற்றுகள். மொத்தம் எட்டு: 'டாடா'. மேலெழுத்துக்கு நான்கே கீற்று, நண்பன் என்று பொருள்: 'டோமோ'.

டோமோடாடா! 18ஆம் நூற்றாண்டுக் கியோட்டோக்காரர், மாடுகளுக்கே பேர்போனவர். வாளின் அலங்கார உறுப்புகளைப் பற்றி 1781இல் வெளிவந்த 'சோகென் கிஷோ' என்ற நூலின் கடைசிப் பகுதி நெட்சுகே கலைஞர்களைப் பட்டியலிடுகிறது. இவர் பெயரில் போலிகள் மலிந்துவிட்டதாக அதிலேயே எழுதியிருக்கிறார்கள். என் பிசின் மாட்டுக்குப் பரம்பரை பெரியதுதான்.

பெயரைப் படித்ததும் வேலை முடிந்தது என்றிருந்தேன். அருங்காட்சியகப் படங்களோடு ஒப்பிட்டபோதுதான் அது பாதி வேலைகூட இல்லை என்று தெரிந்தது. என் மாட்டின் எழுத்து விளிம்புகள் கரைந்த சோப்புபோல் மழுங்கியிருக்கின்றன, உளி நுழைந்த கூர்மை எங்கும் இல்லை. கயிற்றுத் துளைகள் இரண்டும் ஒரே அளவு. பழையவற்றில் முடிச்சை உள்ளே மறைக்க ஒன்றைப் பெரிதாகக் குடைந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

அடுத்து நான் படித்த கையொப்பம் 'மசனாவோ'. ஐந்து கீற்றும் எட்டுக் கீற்றும், ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டேன். ஆனால் கியோட்டோவில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு மசனாவோ, இசே யமடா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு மசனாவோ பரம்பரை. இசேக்காரர்கள் பெரும்பாலும் மரத்தில் செதுக்கியவர்கள். இப்போதெல்லாம் செதுக்கியிருப்பது தந்தமா மரமா என்று பார்த்த பிறகே பெயருக்குப் போகிறேன்.

வேறொரு படத்தில், பெயருக்குக் கீழே ஒரு கிறுக்கல். அதன் கீற்றுகளை இரண்டு நாள் எண்ணினேன். அது காகிஹான், கலைஞர் தனக்கென்று வரைந்துகொண்ட முத்திரையாம். எந்த அகராதியிலும் இருக்காது.